விரேமில் பாதிக்கு மேல் காலி, ஆனாலும் ஒதுக்கீடு தோல்வி: ஏஎம்டிஜிபியு டிரைவரில் பிழை தேடிய பதிவு

வல்கன் என்ற வரைகலை இடைமுகத்தில் எழுதிய ஒரு 4கே காட்சி நிரல். ஓடத் தொடங்கிப் பத்து, இருபது நிமிடம் ஒரு குறையும் இருக்காது. அதன்பின் ஏதாவது ஒரு பஃபர் (நினைவகத் துண்டு) ஒதுக்கீடு -2 என்ற எண்ணைத் திருப்பித் தரும், நிரல் நின்றுவிடும். வல்கனில் -2 என்றால் கருவி நினைவகம் தீர்ந்தது என்று அர்த்தம். அதே நேரத்தில் கார்டின் பயன்பாட்டைக் காட்டும் என்விடாப்பைத் திறந்து பார்த்தால், கார்டின் சொந்த நினைவகமான 8 ஜிபி விரேமில் மூன்றரை ஜிபி சுமாருக்குத்தான் நிரம்பியிருக்கும். கடைசியில் வெளியே வந்தவை இரண்டு பழுதுகள். முதலாவது இருந்தவரை இரண்டாவது தலைகாட்டவே இல்லை. இரண்டும் நிரலின் பக்கத்தில் இருந்தன. ஆனாலும் டிரைவர் எதை எங்கே எழுதிவைக்கிறது என்று தெரியாமல் அவற்றைப் பிடித்திருக்க முடியாது. தேடிய வரிசையிலேயே எழுதுகிறேன், தவறாகப் போன இடங்களையும் சேர்த்து.

கணினி இது: 128 பிட் ஜிடிடிஆர்6 நினைவகம் கொண்ட 8 ஜிபி ஏஎம்டி கார்டு, 16 ஜிபி ரேம், 3840×2160 திரை ஒன்று. லினக்ஸ், கெர்னலில் ஏஎம்டிஜிபியு டிரைவர், அதன் மேல் மெசாவின் வல்கன் டிரைவரான ராட்வி. நிரல் தன் நினைவகத்தை விஎம்ஏ நூலகம் வழியாகப் பங்கிட்டுக்கொள்கிறது. கருவிகள் என்று பார்த்தால் டிமெஸ்ஜி (கெர்னல் செய்திகள்), எல்எஸ்பிசிஐ (பிசிஐ கருவிகளின் பட்டியல்), வல்கன்இன்ஃபோ, எஸ்ட்ரேஸ் (நிரல் கெர்னலுக்கு விடும் அழைப்புகளின் பதிவு), என்விடாப், பிறகு கெர்னலின் பிழைதேடல் விவரங்கள் இருக்கும் டீபக்எஃப்எஸ் கோப்பகத்தைப் படிக்க ரூட் உரிமை. காசு எதுவும் செலவில்லை. நாள் கணக்கில் நான்கு. அதில் இரண்டரை நாள் தவறான இடத்தைத் தோண்டியதில் போனது. கீழே எம்பி, ஜிபி என்று வருவதெல்லாம் 1024-இன் மடங்குகள்.

முதலில் தோண்டிய தவறான இடங்கள்

நினைவகம் தீர்ந்தது என்று செய்தி வந்தால் கை முதலில் போவது நினைவகத்தைக் குறைக்கத்தான். 4096×4096 அளவில் 20 டெக்ஸ்சர்கள் சுருக்கப்படாமல் இருந்தன. ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒன்றுக்கு 64 எம்பி, மொத்தம் 1280 எம்பி. பிசி7 சுருக்கத்துக்கு மாற்றியதும் பிக்சலுக்கு 1 பைட் ஆகி 320 எம்பியாக இறங்கியது. 960 எம்பி மிச்சம். தோல்வி வரும் நேரத்தில் ஒரு நிமிடம்கூட மாற்றமில்லை. அந்த இடத்திலேயே ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும்: கிட்டத்தட்ட 1 ஜிபியை விடுவித்தும் பழுது அசையவில்லை என்றால், தீர்ந்துபோவது அந்த 8 ஜிபி கிடையாது, வேறு ஏதோ சிறிய தொட்டி. அப்படி யோசிக்காமல் அடுத்த தவற்றுக்குப் போனதுதான் நடந்தது.

அடுத்த தவறு ஜிடிடி. கார்டு எட்டிப் பிடிக்கக்கூடிய கணினி ரேமின் பங்குதான் ஜிடிடி. விரேமில் இடமில்லாத பஃபர்களை டிரைவர் அங்கே தள்ளும். ஏஎம்டிஜிபியு.ஜிடிடிசைஸ் என்ற கெர்னல் அளவுருவை எம்பி கணக்கில் 12288 என்று வைத்து மறுதுவக்கம் செய்தேன். -2 அப்படியே வந்தது. 16 ஜிபி ரேமில் 12 ஜிபியைக் கார்டுக்குத் திறந்துவிடுவது தனியாக ஒரு ஆபத்து. அந்த இடம் முன்கூட்டியே பிடித்து வைக்கப்படுவதில்லை, உச்சவரம்பு மட்டும்தான் உயர்கிறது என்றாலும், கட்டுப்பாடில்லாத நிரல் ஒன்று அதை நிரப்பத் தொடங்கினால் மற்ற எல்லாம் ஸ்வாப்புக்குப் போய்விடும். அளவுருவை எடுத்துவிட்டேன். ஜிடிடியைத் தொடுவதற்கு முன் மெம்_இன்ஃபோ_ஜிடிடி_யூஸ்டு கோப்பைப் படித்திருந்தால் இந்தச் சோதனையே தேவைப்பட்டிருக்காது. அது அப்போது 300 எம்பியைக்கூட எட்டவில்லை.

மூன்றாவது சந்தேகம் துண்டாடல்: இடம் இருக்கிறது, ஆனால் சில்லறையாகச் சிதறிக் கிடக்கிறது என்ற எண்ணம். இதைச் சோதிப்பது எளிது. டீபக்எஃப்எஸ்ஸில் டிஆர்ஐ கோப்பகத்துக்குள், கார்டின் எண்ணுக்குக் கீழே ஏஎம்டிஜிபியு_விரேம்_எம்எம் என்ற கோப்பு இருக்கிறது. விரேமை இப்போது படி அமைப்பு ஒன்று பங்கிடுகிறது. படி 0 என்றால் 4 கேபி துண்டு. ஒவ்வொரு படிக்கும் அளவு இரட்டிப்பாகும். படி 9 என்றால் 2 எம்பி, படி 13 என்றால் 32 எம்பி. கோப்பின் கடைசியில் ஒவ்வொரு படியிலும் எத்தனை துண்டுகள் காலி என்று வரி வரியாக இருக்கும். நிரல் விழுந்த நொடியில் எடுத்த பிரதியில் 13-ஆம் படிக்கு மேலே துண்டுகள் தாராளமாக இருந்தன. துண்டாடல் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இந்தச் சந்தேகத்தில் பலர் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். சாதாரண பஃபருக்கு விரேமில் தொடர்ச்சியான இடம் தேவையே இல்லை. கார்டுக்கென்று பக்க அட்டவணை இருக்கிறது. சிதறிய துண்டுகளை அது ஒன்றாகக் கோத்துவிடும். தொடர்ச்சியாகத்தான் வேண்டும் என்று கொடி போட்டுக் கேட்கும் பஃபர்களுக்கு மட்டுமே துண்டாடல் உயிர்ப் பிரச்சினை. எங்கள் நிரல் அப்படி எதையும் கேட்கவில்லை.

மறுத்தது யார்?

மூன்று நாளுக்கு நெருக்கமாகியும் டிமெஸ்ஜியில் ஒரு வரிகூட விழவில்லை. பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்று அதுவரை ஒதுக்கிவைத்த அந்த மௌனம்தான் உண்மையில் முதல் தடயம். கெர்னல் ஒரு வேண்டுகோளை மறுத்திருந்தால் -12 என்ற எண் ஏதாவது ஓர் இடத்தில் தெரிந்திருக்க வேண்டும். அது நினைவகமில்லை என்பதற்கான லினக்ஸ் எண்.

எஸ்ட்ரேஸை நிரலோடு இணைத்து, கெர்னல் டிரைவருக்குப் போகும் ஐஆக்டில் அழைப்புகளை மட்டும் பதிவு செய்தேன். விரேம் பஃபர் ஒவ்வொன்றும் உருவாகும்போது ஏஎம்டிஜிபியு ஜெம் கிரியேட் என்ற அழைப்பு ஒன்று கெர்னலுக்குப் போகும். தோல்வியடைந்த ஒதுக்கீட்டின் நேரத்தில் அப்படி ஒரு அழைப்பே போகவில்லை. கெர்னலிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. -2 நிரலுக்குள்ளேயே பிறந்திருக்கிறது.

கெர்னலின் பக்கம் இந்த அழைப்பு அவ்வளவு எளிதில் தோற்பதும் இல்லை. விரேமில் சிபியு தொடக்கூடிய பகுதியில் இடம் கேட்டு அது கிடைக்காவிட்டால், ஏஎம்டிஜிபியு முதலில் சிபியு தொட வேண்டும் என்ற கொடியைக் கழற்றிவிட்டு மறுபடி முயலும். அதுவும் முடியாவிட்டால் ஜிடிடியையும் சேர்த்துக்கொண்டு மறுபடி முயலும். அதனால் பஃபர் உருவானது என்பதற்கு விரேமில் இடம் கிடைத்தது என்று பொருள் கொள்ளக் கூடாது. உண்மையான நெருக்கடி பெரும்பாலும் கட்டளைகளைச் சமர்ப்பிக்கும் நேரத்தில்தான் தெரியும். இது பின்னால் இரண்டாவது பழுதில் தேவைப்படும்.

அப்படியானால் மறுத்தது விஎம்ஏதான். ஒதுக்கீட்டு அமைப்பில் பட்ஜெட்டுக்குள் மட்டும் என்ற கொடி போடப்பட்டிருந்தது. அந்தக் கொடி இருந்தால், ஒரு ஹீப்பின் (வல்கன் காட்டும் நினைவகத் தொட்டி ஒன்றின்) பட்ஜெட்டைத் தாண்டும் எதையும் விஎம்ஏ டிரைவரிடம் கொண்டுபோகாமலே -2 என்று திருப்பிவிடும். நல்ல கொடிதான், எடுத்துவிடுவது தீர்வாகாது. எடுத்துவிட்டால் தோல்வி மறையும், பஃபர்கள் சத்தமில்லாமல் இடம் மாறத் தொடங்கும், படம் திணறும், காரணமும் தெரியாது.

கேள்வி இப்போது சுருங்கிவிட்டது: எந்த ஹீப்?

வல்கன்இன்ஃபோ மூன்று ஹீப்புகளைக் காட்டியது. விரேமின் பெரும் பகுதி ஒன்று, ஜிடிடி ஒன்று, மூன்றாவதாகச் சரியாக 268435456 பைட் கொண்ட ஒன்று. அதாவது 256 எம்பி. சிபியு நேரடியாக எழுதக்கூடிய விரேம் ஜன்னல் அதுதான். பூட் லாக்கில் முதல் நாளிலிருந்தே இது எழுதப்பட்டிருந்தது: விரேம் 8176எம், பார் 256எம் என்று டிரைவர் கண்டறிந்த வரி. பார் என்பது இந்த ஜன்னல்தான். எல்எஸ்பிசிஐயை விரிவாகப் பார்த்தாலும் கார்டின் முதல் நினைவகப் பகுதிக்கு அளவு 256எம் என்றே வரும். என்விடாப் காட்டும் ஒற்றைப் பட்டையில் இந்தப் பிரிவு தெரியாது. கெர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில், கார்டின் டிவைஸ் கோப்பகத்தில் மெம்_இன்ஃபோ_விஸ்_விரேம்_டோட்டல், மெம்_இன்ஃபோ_விஸ்_விரேம்_யூஸ்டு என்று இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஜன்னலின் கணக்கை அவற்றில்தான் படிக்க வேண்டும். பைட் கணக்கில் வரும், 1048576 ஆல் வகுத்துக்கொள்ளலாம். ரூட் உரிமையும் தேவையில்லை.

நிரலில் அந்த ஹீப்பை யார் தின்கிறார்கள் என்று தேடினால், காட்சிச் சட்டகங்களை ஏற்றும் சுழல் வரிசை. சிபியு நேராக எழுதலாம், கார்டு வேகமாகப் படிக்கலாம் என்ற எண்ணத்தில் கருவிக்குள்ளேயும் இருக்க வேண்டும், சிபியுவுக்கும் தெரிய வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளையும் கட்டாயமாக்கி அது கேட்டிருந்தது. ஒரு சட்டகம் 3840×2160×4, அதாவது 33177600 பைட், 31.64 எம்பி. வரிசை 3 சட்டகங்களோடு தொடங்கும். சட்டகங்களை விரித்துத் தரும் டீகோடர் பின்தங்கும்போதெல்லாம் ஒன்று கூடும், உச்சம் 8.

8 × 31.64 = 253.1 எம்பி. ஜன்னல் 256 எம்பி. மிச்சம் 2.9 எம்பி.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டதும் புரியாமல் இருந்த எல்லாமே விளங்கிவிட்டது. பத்து, இருபது நிமிடம் கழித்துத் தோற்றதற்குக் காரணம், டீகோடர் ஐந்து முறை பின்தங்க அவ்வளவு நேரம் பிடித்ததுதான். தானியங்கிச் சோதனைகளில் பழுது ஒருமுறைகூட வராததற்குக் காரணம், அவை திரை இல்லாமல், டெஸ்க்டாப் எதுவும் ஓடாமல் நடந்தவை. எட்டும் அப்படியே அடங்கிவிடும். டெஸ்க்டாப் ஓடும்போது அதன் பஃபர்களில் சில அந்த ஜன்னலுக்குள் உட்கார்ந்திருக்கும். நான் பார்த்தபோது 11 எம்பி. பட்ஜெட் என்பது மற்ற நிரல்கள் பிடித்ததையும் கழித்து வரும் எண். ஏழாவது சட்டகம்வரை 221.5 எம்பியோடு 11ஐச் சேர்த்தாலும் இடம் உண்டு. எட்டாவது வந்தால் 264 எம்பியைத் தாண்டும். எங்கள் லாக்கை எண்ணிப் பார்த்தேன்: விழுந்த ஒவ்வொரு முறையும் வரிசையில் ஏழு சட்டகங்கள் இருந்தன.

ஜன்னலைத் திறப்பது, அல்லது ஜன்னலே வேண்டாம் என்பது

முதலில் பயாஸில் செய்ததைச் சொல்கிறேன். அபவ் 4ஜி டீகோடிங் என்ற அமைப்பு அணைந்திருந்தது. அதை இயக்கி, ரீசைசபிள் பாரையும் இயக்க வேண்டும். சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறை அணைந்திருக்க வேண்டும். அதை அணைப்பதற்கு முன் இயங்குதளம் யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகிறதா என்று உறுதிசெய்வது அவசியம். சிஸ் கோப்பகத்தில் ஃபர்ம்வேர் என்பதற்குள் இஎஃப்ஐ என்ற உட்கோப்பகம் இருந்தால் சரி. இல்லாமல் சிஎஸ்எம்மை அணைத்தால் கணினி வட்டையே அடையாளம் காணாமல் நிற்கும். பயந்துபோய் வட்டில் கைவைக்காமல், அமைப்பைத் திருப்பிப் போட்டால் மீண்டுவிடும்.

ஏஎம்டிஜிபியு துவக்கத்தில் தானாகவே பாரைப் பெரிதாக்க முயலும். 4 ஜிபிக்கு மேலான முகவரி வெளி பயாஸிடமிருந்து கிடைக்காவிட்டால் முயற்சியை விட்டுவிடும். இடம் போதாதபோது பெரிய பாருக்குப் பிசிஐ முகவரி வெளி போதவில்லை என்று லாக்கில் ஒரு வரி வரும். அமைப்பை மாற்றி மறுதுவக்கம் செய்ததும் பூட் வரி விரேம் 8176எம், பார் 8192எம் என்று மாறியது. வல்கன்இன்ஃபோவில் மூன்று ஹீப்புகள் இரண்டாகின. விரேம் முழுவதும் ஒரே ஹீப். எட்டாவது சட்டகம் தடையில்லாமல் ஏறியது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிரலைப் பயன்படுத்துகிற எல்லோருடைய மதர்போர்டிலும் இந்த அமைப்பு இருக்காது. இருந்தாலும் ஒவ்வொருவரையும் பயாஸுக்குள் போகச் சொல்வது முறையல்ல. 256 எம்பி ஜன்னலிலும் ஓடும்படி நிரலைத் திருத்துவதுதான் சரி.

திருத்தம் இப்படி. காட்சிச் சட்டகங்கள் இருக்கும் 8 இடங்களும் கருவிக்குள் மட்டும் இருந்தால் போதும், சிபியுவுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆகவே அவை பெரிய ஹீப்புக்குப் போகும். சிபியு எழுதுவதற்குக் கணினி ரேமில் 2 இடைப் பஃபர்கள், மொத்தம் 63.3 எம்பி. அங்கிருந்து கார்டுக்கு ஒரு நகல் கட்டளை. இடைப் பஃபரைக் கேட்கும்போது பரிமாற்ற மூலம் என்ற ஒரே பயன்பாட்டை மட்டும் குறிப்பிட்டால் விஎம்ஏ அதைத் தானாகவே கணினி ரேமில் வைக்கிறது. வேறு பயன்பாடுகளையும் சேர்த்தால் மறுபடி ஜன்னலுக்குள் வைக்க நேரலாம்.

நகலுக்கு ஆகும் நேரம் பற்றிய பயத்தால்தான் பழைய வடிவமே பிறந்தது. கணக்கு போட்டால் பயம் தேவையில்லை. பிசிஐஇ 4.0 இணைப்பில் 8 தடங்களுக்கு உச்ச வேகம் நொடிக்கு 15.75 ஜிகாபைட், 33.18 மெகாபைட் சட்டகத்துக்கு 2.1 மில்லி விநாடி. பிசிஐஇ 3.0 என்றால் 4.2. நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் கூடும். 60 ஹெர்ட்ஸில் ஒரு சட்டகத்துக்கு 16.67 மில்லி விநாடி இருக்கிறது. பரிமாற்றத்துக்கென்று தனி வரிசை இருப்பதால் வரைதலோடு இணையாகவே ஓடிவிடுகிறது.

பழைய வடிவத்தில் இன்னொரு தீங்கும் ஒளிந்திருந்தது. சிபியுவுக்குத் திறந்த விரேம் என்பது எழுத்துகளைச் சேர்த்து மொத்தமாக அனுப்பும் வகை நினைவகம். எழுதினால் வேகம், படித்தால் படுமோசம். சட்டகத்தைச் சரிபார்க்கும் ஒரு செக்சம் அந்த இடத்திலிருந்தே திரும்பப் படித்துக்கொண்டிருந்தது. டீகோடர் பின்தங்கியதற்கே அதுதான் பெரும் காரணம். செக்சத்தை டீகோடரின் சொந்த நினைவகத்துக்கு மாற்றியபின் வரிசை 5-ஐத் தாண்டுவதே அரிதாகிவிட்டது.

இரண்டாவது பழுது

-2 போய்விட்டது. அடுத்த நாள் நீண்ட சோதனையில் வேறொன்று வந்தது. சாளரத்தின் அளவைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருந்தால் கணினி முழுவதும் மந்தமாகி, கடைசியில் கட்டளை சமர்ப்பிக்கும் அழைப்பு -1 என்று திரும்பியது. இந்த முறை டிமெஸ்ஜி பேசியது: கட்டளைச் சமர்ப்பிப்புக்கு நினைவகம் போதவில்லை என்ற ஏஎம்டிஜிபியு வரி. டெர்மினலில் ராட்வியும் அதையே சொன்னது.

-1 என்ற எண் வழி தவற வைக்கும். வல்கனில் அது கணினி நினைவகம் தீர்ந்தது என்பதற்கான எண். கெர்னல் சமர்ப்பிப்பை -12 என்று மறுத்தால் ராட்வி அதை இந்த எண்ணாகத்தான் மொழிபெயர்க்கிறது. தீர்ந்தது ரேமா, விரேமா, ஜிடிடியா என்று எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. சமர்ப்பிப்பில் இடம்பெறும் பஃபர்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் விரேமிலோ ஜிடிடியிலோ உட்கார வேண்டும். இடம் பண்ண முடியாதபோதுதான் இந்த மறுப்பு.

விநாடிக்கு ஒருமுறை மெம்_இன்ஃபோ_விரேம்_யூஸ்டு, மெம்_இன்ஃபோ_ஜிடிடி_யூஸ்டு இரண்டையும் ஒரு கோப்பில் எழுதவைத்து அளவை மாற்றும் சோதனையை ஓட்டினேன். விரேம் படிப்படியாக ஏறி உச்சத்தில் நின்றது. அதன்பின் ஜிடிடி ஏறத் தொடங்கியது. பயன்பாட்டில் இல்லாத பஃபர்களை டிரைவர் விரேமிலிருந்து ரேமுக்கு வெளியேற்றுகிறது என்பதன் தெளிவான முகம் இது. ட்ரேஸிங் கோப்பகத்தில் ஏஎம்டிஜிபியு_பிஓ_மூவ் என்ற நிகழ்வை இயக்கிப் பார்த்தால் எந்தப் பஃபர் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகவும் தெரியும்.

கசிவு என்பது உறுதி. யாரிடம்? ஏஎம்டிஜிபியு_ஜெம்_இன்ஃபோ கோப்பு ஒவ்வொரு செயல்முறையும் பிடித்திருக்கும் பஃபர்களைப் பைட் அளவோடு பட்டியலிடும். எல்லாவற்றையும் கூட்டினால் 1.2 ஜிபிகூட வரவில்லை. அதே நேரத்தில் விரேம் 7 ஜிபிக்கு மேல். கிட்டத்தட்ட 6 ஜிபி யாருடைய கணக்கிலும் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் டிரைவரில்தான் கசிவு என்று முடிவு கட்டத் தோன்றும். அவசரப்படக் கூடாது. அந்தப் பட்டியல் கைப்பிடி (செயல்முறை ஒரு பஃபரைக் குறிக்கும் எண்) உள்ள பஃபர்களை மட்டுமே காட்டும். கைப்பிடியை மூடிய பிறகும் வேறு ஏதாவது ஒன்று பஃபரைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது பட்டியலிலிருந்து மறையும், விரேமிலிருந்து மறையாது.

அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடியது டிஎம்ஏ-பஃப், அதாவது ஒரு பஃபரை வேறு செயல்முறைகளோடு பகிரும் கெர்னல் வழி. டீபக்எஃப்எஸ்ஸில் டிஎம்ஏ_பஃப் கோப்பகத்தின் பஃப்இன்ஃபோ கோப்பைத் திறந்தால் ஒரே அளவுள்ள உருப்படிகள் வரிசையாக இறங்கிக்கொண்டே போயின. ஒவ்வொன்றும் 33423360 பைட். இந்த எண்ணே அடையாள அட்டை. நேர்வரிசைச் சட்டகம் என்றால் 33177600 இருந்திருக்க வேண்டும். இது 64 கேபி ஓடுகளாக அடுக்கிய படம்: ஓர் ஓடு 128×128 பிக்சல், அகலத்தில் 30, உயரத்தில் 2160ஐ 128ஆல் வகுத்தால் 16.875, அதை மேலே முழுமையாக்கி 17. ஆக 510 ஓடுகள். நிரலில் ஓடு வடிவில் முழுத்திரைப் படத்தை வெளியே பகிரும் இடம் ஒன்றே ஒன்று, திரைப்பதிவுப் பகுதி.

நிரலின் ப்ராக் கோப்பகத்தில் எஃப்டி (ஃபைல் டிஸ்கிரிப்டர், திறந்த கோப்பைச் சுட்டும் எண்) பட்டியலைப் பார்த்தால் டிஎம்ஏ-பஃபைச் சுட்டும் இணைப்புகள் நூற்றுக்கணக்கில். குறை இங்கே: திரைப்பதிவுப் பகுதி ஒரு படத்தின் நினைவகத்தை ஃபைல் டிஸ்கிரிப்டராக வெளியே எடுத்து, யுனிக்ஸ் சாக்கெட் வழியாகப் பதிவுச் செயல்முறைக்கு அனுப்புகிறது. சாக்கெட் அனுப்புவது ஒரு பிரதியை. அனுப்பியவரின் டிஸ்கிரிப்டர் அவரிடமே திறந்திருக்கும். அதை மூடும் வரி இல்லை. வல்கன் நினைவகத்தை முறையாக விடுவித்தும், திறந்திருந்த அந்த ஒரு டிஸ்கிரிப்டர் 31.9 எம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அளவு மாற்றத்துக்கும் 3 படங்கள், ஆக 95.6 எம்பி. எண்பத்தைந்து மாற்றங்களில் 8 ஜிபி நிரம்பிவிடும்.

மூடும் வரி ஏன் விடுபட்டது என்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. வல்கனில் டிஸ்கிரிப்டரை இறக்குமதி செய்தால், அது வெற்றிபெற்ற கணத்திலிருந்து டிரைவரின் சொத்து. நிரல் அதை மூடக் கூடாது. ஏற்றுமதி செய்தால் நிரலின் சொத்து. நிரல்தான் மூட வேண்டும். முன்பு இரண்டு பகுதிகளும் ஒரே செயல்முறைக்குள் இருந்தன. எடுத்ததும் இறக்குமதியானதும் ஒரே டிஸ்கிரிப்டர்தான், மூடாமல் விட்டதே சரி. பதிவுப் பகுதியைத் தனிச் செயல்முறையாகப் பிரித்த அன்று அந்தச் சரி தவறாகிவிட்டது. பழைய பாதையின் விதியைப் புதிய பாதைக்கும் நீட்டியதுதான் வேர்.

சாக்கெட் அனுப்பும் அழைப்பு வெற்றியோ தோல்வியோ, அதன் அடுத்த வரியிலேயே மூடுமாறு எழுதினேன். ஒரே வரி. பெறும் பக்கத்தில் இறக்குமதி தோற்றால் மட்டும் மூட வேண்டும் என்பதையும் சேர்த்தேன். அந்தக் கிளையும் விடுபட்டிருந்தது.

சரிபார்த்த விதம்

8 ஜிபி நிரம்பும்வரை காத்திருப்பது நேர விரயம். ஏஎம்டிஜிபியு.விரேம்லிமிட் என்ற கெர்னல் அளவுரு சோதனைக்காகவே இருக்கிறது. எம்பி கணக்கில் 2048 கொடுத்து பூட் செய்தால் டிரைவர் 2 ஜிபியை மட்டுமே பயன்படுத்தும். ஏஎம்டிஜிபியு.விஸ்_விரேம்லிமிட் ஜன்னலுக்கானது, 256 கொடுத்தால் பெரிய பார் உள்ள கணினியிலேயே சிறிய ஜன்னல் நிலைமை வந்துவிடும், பயாஸைத் தொட வேண்டாம். முதல் நாளே இந்த இரண்டையும் சிறிதாகப் போட்டிருந்தால் இருபது நிமிடக் காத்திருப்புகள் எல்லாம் நிமிடங்களாகச் சுருங்கியிருக்கும். அடுத்த முறை தொடக்கமே இங்கிருந்துதான். விரேம்லிமிட்டை மிகச் சிறியதாக வைத்தால் 4கே திரைக்கே இடமில்லாமல் போகலாம் என்பதால் எஸ்எஸ்எச் வழியை முன்பே திறந்துவைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு வரம்புகளோடும் 200 முறை அளவு மாற்றும் சோதனை ஓடியது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் 3 விநாடி விட்டுத்தான் எண்களைப் படிக்க வேண்டும். கார்டு அந்தப் பஃபரோடு தன் வேலையை முடிக்கும்வரை இடம் திரும்பாது. உடனே படித்தால் இல்லாத கசிவு தெரியும். முதல் சில மாற்றங்களில் விரேம் கொஞ்சம் ஏறியது. அது விஎம்ஏ தன் தொகுதிகளைப் பிடித்துவைப்பது. அதன்பின் கோடு படுத்துவிட்டது. ஜிடிடி அசையவில்லை. டிஎம்ஏ-பஃப் பட்டியலில் எந்த நேரத்திலும் 3 உருப்படிகள், அளவு மாறும் நொடியில் மட்டும் 6.

நிரலிலும் மூன்று மாற்றங்கள் நிலையாக வந்தன. ஒதுக்கீடு தோற்றால் லாக்கில் எண் மட்டும் வராது. எந்த ஹீப், அதன் பட்ஜெட், அப்போதைய பயன்பாடு, கேட்ட அளவு நான்கும் ஒரே வரியில் வரும். இந்த வரி முன்பே இருந்திருந்தால் முதல் பழுது பத்து நிமிட வேலை. இரண்டாவதாக, துவக்கத்தில் ஹீப்புகளின் அளவைப் பார்த்து 256 எம்பி ஜன்னல் இருந்தால் அதையும் லாக்கில் எழுதுகிறது. மூன்றாவதாக, தானியங்கிச் சோதனை முடிவில் திறந்திருக்கும் டிஎம்ஏ-பஃப் டிஸ்கிரிப்டர்களை எண்ணி, பூஜ்யம் இல்லையென்றால் சோதனை தோற்கும்.

இன்னும் ஒன்று பாக்கி. பதிவுச் செயல்முறை வேலையின் நடுவே தொங்கிப்போனால் சாக்கெட்டில் அனுப்பப்பட்டு இன்னும் வாங்கப்படாத டிஸ்கிரிப்டர்கள் சாக்கெட்டின் வரிசையிலேயே உயிரோடு இருக்கும். அவை எந்தச் செயல்முறையின் எஃப்டி பட்டியலிலும் தெரியாது, பஃப்இன்ஃபோவில் மட்டும் தெரியும். 5 விநாடிக்குள் பதில் வராவிட்டால் பதிவுச் செயல்முறையையே நிறுத்திவிடும் ஒரு காலக்கெடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையால் அந்தச் செயல்முறையை நிறுத்திப் பார்த்ததில் 33423360 பைட் உருப்படிகள் அந்த நொடியே பட்டியலிலிருந்து போய்விட்டன.